கயிற்றின் மறுமுனையில் ஒருவர்

கோவையில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நூலைச் சோதிக்கிற அறையில் வெப்பம் 27 டிகிரியை ஒட்டியும், காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தை ஒட்டியும் இருக்க வேண்டும் என்பது விதி. பருத்தி நூல் ஈரம் குடித்தால் பலம் கூடும், காய்ந்தால் குறையும். அறை மாறினால் அளவும் மாறிவிடும். அதனால் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். ஸ்பின்னிங் பகுதியின் இரைச்சல் உள்ளே மெல்லிய முனகலாகத்தான் வரும். 120 கஜம் நூலைச் சுற்றி எடுத்து, எடை போட்டு, கொக்கியில் மாட்டி இழுத்து, எந்த பலத்தில் அறுகிறது என்று எழுதுவேன். பேச வேண்டியது குறைவு. பேசினாலும் நூலைப் பற்றித்தான். இந்த ஏற்பாடெல்லாம் நூலுக்காகச் செய்தது. அதில் வாழ்ந்துவிட்டவள் நான்.

இதற்கு முன்னால் சேர்ந்த இரண்டு வேலைகளிலும் என்னால் நிலைக்க முடியவில்லை. ட்யூப் லைட்டின் மினுக்கல், ஒரே ஹாலில் முப்பது பேர் பேசுவது, பின்னாலிருந்து வந்து தோளில் தட்டிக் கூப்பிடுவது. விலகியதற்குக் காரணம் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. வெளிச்சம் பிடிக்கவில்லை என்று ராஜினாமாக் கடிதத்தில் எழுத முடியுமா?

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்பது முப்பத்தேழு வயதில் தெரிய வந்தது. அதுவும் என்னால் அல்ல, அண்ணன் மகனால். பேச்சு வரத் தாமதமாகிறது என்று அவனை மருத்துவ உளவியலாளரிடம் கூட்டிப்போனோம். அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க அண்ணி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் அம்மா, “இதெல்லாம் இவன் அத்தையும் செஞ்சவதானுங்க. சட்டையில காலர் உரசுனா அன்னைக்குப் பூரா அழுவா” என்றார். உளவியலாளர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வளர்ந்த பிறகு கண்டறியப்படும் பெண்கள் பலருக்கும் கதை இப்படித்தான் தொடங்குகிறது: குழந்தைக்காகப் போன இடத்தில் தன் பெயரும் வந்து விழும்.

ஆட்டிசம் உள்ளவர்கள் தனிமையை விரும்புகிறவர்கள் என்ற எண்ணத்துக்கு வயது எண்பதுக்கு மேல். 1943-ல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அவர்களுடைய தனித்திருத்தலைத்தான் அடிப்படைக் குணமாகச் சொன்னார். அந்தச் சித்திரம் அப்படியே தங்கிவிட்டது. புலன்களுக்கு எட்டும் ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை அதிகமாகவோ குறைவாகவோ உணர்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சேர்க்கப்பட்டதே 2013-ல்தான். எழுபது ஆண்டுகளாக, ‘ஏன் இந்தப் பிள்ளை கூட்டத்தில் சேரமாட்டேன் என்கிறது’ என்று கேட்டவர்கள், அந்தக் கூட்டம் அந்தப் பிள்ளையின் காதுக்கும் தோலுக்கும் என்ன செய்கிறது என்று அதிகம் கேட்கவில்லை.

எனக்குத் தனிமை பிடிக்காது. அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் என்ற சகோதரிச் சடங்கைச் செய்ய வேண்டியவள் நான். ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். கழுத்தில் சரிகை அறுத்தது. வீடியோ லைட்டின் சூடு முகத்தில். நாதஸ்வரம் எட்டடித் தூரத்தில். தலை நிறைய மல்லிகை. சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி நிறுத்தினார்கள். சீர் முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன். அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். ‘ஒரே அண்ணன் கல்யாணத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறா, திமுரு’ என்ற பேச்சு வளைகாப்பு வரைக்கும் ஓடியது. உள்ளே சித்தி பெண்கள் எல்லாம் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இருந்த ஏக்கத்தை யாரிடமும் சொன்னதில்லை.

என்னைப் போன்றவர்கள் சீக்கிரமே நடிக்கக் கற்றுக்கொள்கிறோம். எதிரே இருப்பவர் சிரித்தால் சிரிப்பது, தலையாட்டும் இடைவெளிகளை மனப்பாடம் செய்வது, கையை உதற வேண்டும்போல் வந்தால் புடவைக்குள் ஒளிப்பது. ஆராய்ச்சியாளர்கள் இதை முகமூடி போடுதல் என்கிறார்கள். லாரா ஹல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இதை அளக்க 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தையே 2019-ல் வெளியிட்டார்கள். அதிகம் நடிப்பவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் காணப்படுவதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குப் போய்வந்தால் திங்கட்கிழமை உடம்பு எழாது.

கண்டறிந்த பிறகு முதலில் போன ஆலோசகர் அந்த நடிப்பையே இன்னும் நன்றாகச் செய்யக் கற்றுக்கொடுத்தார். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் நெற்றிப் பொட்டைப் பாருங்கள், பேச்சை வானிலையில் ஆரம்பியுங்கள் என்றெல்லாம். அதைவிடச் சிரமம், அவர் ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி: “இப்ப என்ன ஃபீல் பண்றீங்க?” எனக்குப் பதில் தெரியாது. மறைக்கவில்லை, உண்மையிலேயே தெரியாது. மனதுக்குள் எட்டிப் பார்த்தால் கனமாக ஏதோ இருக்கும்; அது கோபமா, பயமா, பசியா என்று சொல்ல முடியாது.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்: அலெக்ஸிதைமியா. பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1973-ல் வைத்த பெயர். தன் உணர்ச்சி இன்னதென்று அடையாளம் காணவும் சொல்லவும் சிரமப்படும் நிலை. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது இருக்கிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. பாதிப் பேருக்கு இருக்கிறது என்றால், ‘என்ன உணர்கிறீர்கள்’ என்று கேட்டுத் தொடங்கும் சிகிச்சை அந்தப் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்றுதானே பொருள்?

இதோடு சேர்ந்தது உடலின் உள் உணர்வு. இதயம் துடிப்பது, வயிறு காய்வது, சிறுநீர் முட்டுவது, தாகம் எடுப்பது ஆகியவற்றை மூளை உள்ளிருந்து அறியும் புலன் அது. 2016-ல் இங்கிலாந்தில் சாரா கார்ஃபிங்கல் குழுவினர் செய்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தம் இதயத்துடிப்பை எண்ணுவதில் மற்றவர்களைவிடத் துல்லியம் குறைவாக இருந்தார்கள். ஆனால் உடம்பு தங்களுக்கு நன்றாகத் தெரிகிறது என்று மற்றவர்களைவிட அதிகமாக நம்பினார்கள். இந்த இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூடப் பதற்றமும் கூடியது. பிறகு வந்த இதயத்துடிப்பு ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் அனுபவத்தில் அது அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. மில்லில் மதியம் மூன்று மணிக்கு ஹெல்ப்பர் பையன் மேல் எனக்கு எரிச்சல் வரும். அவன் குணம் சரியில்லை என்றே பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காததுதான் அந்த எரிச்சல்.

வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டின் மாடியில் இப்போது நான் சிகிச்சைக்குப் போகிற அக்கா, உளவியல் படித்து, பிறகு பெங்களூரில் அசைவு சிகிச்சைப் பயிற்சி பெற்றவர். முதல் நாள் உள்ளே போனதும், “எங்க உக்காந்தா உங்களுக்கு வசதியோ அங்க உக்காருங்க. எதிர்ல தான் இருக்கோணும்னு ஒண்ணுமில்லீங்க. லைட்டு வேண்டாம்னா அணைச்சிரலாம்” என்றார். நான் ஜன்னலோரம் சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பக்கவாட்டில், இரண்டு கை தள்ளி, அதே ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வெளியே ஒரு முருங்கை மரம். ஆரம்பத்தில் பல வாரம் நடந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். கட்டணத்துக்கு இது நியாயமா என்றுகூட யோசித்தேன்.

உடலை வழியாகக் கொண்ட உறவுச் சிகிச்சை என்று இதைச் சொல்லலாம். இது ஒரே மரபைச் சேர்ந்தது அல்ல. ஒரு வேர் நடனத்திலிருந்து வருகிறது: மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் 1942-ல் வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் வேலை தொடங்கினார். யாரோடும் பேசாமல் வருடக்கணக்கில் கிடந்த நோயாளிகளின் அருகில் போய், அவர்கள் கால் ஆடுவதையோ தோள் குலுங்குவதையோ தன் உடம்பில் எடுத்து, அதே தாளத்தில் பதில் அசைவு செய்தார். கேள்வி கேட்காத உரையாடல் அது. 1966-ல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் தொடங்கியபோது அவரே முதல் தலைவர். இன்னொரு வேர் ஆக்குபேஷனல் தெரபியிலிருந்து வருகிறது. கலிபோர்னியாவின் ஜீன் ஏர்ஸ் 1972-ல் எழுதிய நூல் புலன்களை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தைப் பேசியது. மூன்றாவது, பேச்சு சிகிச்சைக்குள் உடலைக் கொண்டுவந்த ரான் கர்ட்ஸ், பேட் ஆக்டன் போன்றவர்களின் வழி. நம் நாட்டில் திரிபுரா கஷ்யப் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அசைவு சிகிச்சையை வளர்த்துவருகிறார். சென்னையில் அம்பிகா காமேஸ்வர் 1989-ல் தொடங்கிய ‘ராசா’ அமைப்பு நம் நாட்டியத்தையும் நாடகத்தையும் கொண்டு சிறப்புத் தேவை உள்ளவர்களோடு வேலை செய்கிறது. ஆக, இது நேற்று இணையத்தில் முளைத்த சரக்கு இல்லை.

அறையில் நடப்பது வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாக இருக்கும். சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தச் சொல்வார். “இப்ப எங்கீங்க தெரியுது?” தோளில் என்பேன். “அது போதுமுங்க.” அவ்வளவுதான், ‘அது என்ன உணர்ச்சி’ என்ற அடுத்த கேள்வி வராது. கேள்வி சுருங்கியதும் பதில் வந்தது. ஆறேழு மாதத்தில் தோள் கல்லாவதற்கும், அன்று காலை யாரோ அதட்டியதற்கும் தொடர்பு இருப்பது எனக்கே பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் அதைப் பயம் என்று சொல்ல முடிந்தது.

தொடுவதற்கு முன் கேட்பார். ‘தொடலாமா’ என்று மட்டும் கேட்கமாட்டார். எங்கே, எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும். மெல்லிய தொடுகை எனக்கு நெருப்பு. அழுத்தமான தொடுகை நிம்மதி. இது என் கிறுக்கு என்று நினைத்திருந்தேன். அமெரிக்கக் கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், ஆட்டிசம் உள்ளவர், அரிசோனாவில் தன் அத்தையின் பண்ணையில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடும்போது இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பலகைக் கூண்டைப் பார்த்தார். அதில் மாடுகள் அமைதியாவதைக் கவனித்து, பதினெட்டு வயதில் தனக்காக ஓர் அழுத்தப் பெட்டியைச் செய்துகொண்டார். பிறகு 1992-ல் ஆழ்ந்த அழுத்தம் தரும் அமைதியைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். அந்தப் பெட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அழுத்தத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, நெம்புகோல் அவர் கையில் இருந்தது. எப்போது, எவ்வளவு, எதுவரை என்பதை அவரே தீர்மானித்தார். என்னைக் கட்டிப்பிடித்த அத்தைமார்கள் யாரும் அந்த நெம்புகோலை என்னிடம் தந்ததில்லை.

பிறகு கயிறு வந்தது. இரண்டு மீட்டர் நீளப் பருத்திக் கயிறு, நாலு பிரி. ஒரு முனை என்னிடம், மறுமுனை அக்காவிடம். இருவரும் மெதுவாகப் பின்னால் சாய வேண்டும். நான் சாய்ந்தால் அவர் எடை என் கைக்கு வரும். அவர் ஒரு அடி முன்னால் வந்தால் கயிறு தொய்யும். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, பேசத் தேவையில்லை. ஆனால் அங்கே ஒருவர் இருக்கிறார் என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது. நூலுக்கு முறுக்கு ஏற்றுவதுபோலத்தான். குறைந்தால் இழைகள் ஒன்றையொன்று பிடிக்காமல் பிரிந்துவிடும், கூடினால் சுருண்டு முடிச்சு விழும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. எனக்கும் இன்னொரு மனிதருக்கும் நடுவில் அப்படி ஓர் அளவு உண்டு, அதை நானே கூட்டலாம் குறைக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. உறவு என்றால் ஒன்று மொத்தமாகப் பிடித்து இழுக்கப்படுவது, இல்லை கழுவுமிடத்தில் போய் நிற்பது.

கண்ணாடிபோல் மற்றவர் அசைவைத் திருப்பிச் செய்யும் பயிற்சியும் இதில் உண்டு. அதற்கு நான் ஒத்துக்கொள்ள நாளானது. பள்ளியில் நான் விரல்களை உதறுவதை அப்படியே செய்துகாட்டிச் சிரித்த கூட்டம் ஞாபகத்தில் இருந்தது. அக்காவிடம் சொன்னேன். அவர் என் விரலைத் திருப்பிச் செய்யவில்லை. என் உதறலின் வேகத்தை மட்டும் எடுத்து, தன் குதிகாலால் தரையில் மெல்லத் தட்டினார். நான் வேகம் கூட்டினால் அவரும் கூட்டினார், நிறுத்தினால் நிறுத்தினார். விரலை உதறுவது நிறுத்தப்பட வேண்டிய பழக்கம் என்றே கேட்டு வளர்ந்தவளுக்கு, அதற்கு ஒருவர் தாளம் போட்டது புதிது.

இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகவும் உதவிய நாள் எது என்றால், அது சரியாகப் போகாத ஒரு நாள். அன்று அக்கா கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். தலையில் ஒரு முழம் மல்லிகை. எனக்குத் தொண்டை அடைத்தது. பேச்சு நின்றுவிட்டது. பாதியில் கிளம்பிவிட்டேன். ஒரு பெண்ணிடம் பூவை எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? நம் ஊரில் அதைவிடக் கொடிய வார்த்தை உண்டா? அடுத்த முறை வாட்ஸ்அப்பில் எழுதிக்காட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்டுப் பெரிதுபடுத்தவில்லை. “பூ எனக்கு இன்னொரு நேரம் வெச்சுக்கலாமுங்க. ஆனா அன்னைக்கு மணம் தாங்கலைன்னு உங்களுக்கு மொதல்ல எங்க தெரிஞ்சுது?” என்று கேட்டார். தொண்டையில் என்றேன். “அப்பத் தொண்டை பிடிக்கறப்பவே கை தூக்கிருங்க. பேச வேண்டாம்.” கை தூக்கினால் ஒருவர் நிறுத்துவார் என்பதைப் பலமுறை பழகிப் பார்த்தோம். வேண்டாம் என்று சொன்ன பிறகும் எதிராளி அறையிலேயே இருப்பதை என் உடம்பு நம்ப வேண்டியிருந்தது. உறவுச் சிகிச்சை என்ற சொல்லில் உறவு இருப்பது இதற்காகத்தான். சுவரை அழுத்துவதை வீட்டிலும் செய்யலாம், இதைத் தனியாகச் செய்ய முடியாது.

ஓராண்டு கழித்துச் சிறு குழு ஒன்றில் சேர்ந்தேன். ஐந்தாறு பேர். ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு-மிகைச்செயல்பாடு உள்ள, கால் ஒரு நிமிடம் நிற்காத மென்பொருள்காரர் ஒருவர். பேசாமல் போனில் தட்டச்சு செய்து காட்டும் கல்லூரி மாணவி. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நியூரோடைவர்ஜென்ட், அதாவது மூளை வேறு விதமாக இயங்குபவர்கள், என்கிற பெரிய குடைக்குள் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா என்று பலவும் வரும். எங்களுக்குள் ஒற்றுமையைவிட வேற்றுமை அதிகம். அறையில் அவரவர் வேகத்தில் நடப்போம். பிறகு நீளமான இழுவைத் துணி ஒன்றை வளையமாகப் பிடித்து எல்லோரும் சாய்வோம். ஒருவர் சாய்ந்தால் மற்ற எல்லோர் கையிலும் தெரியும்.

முதல் நாள் அந்தத் துணியைக் கையில் வாங்கியதும் என்னையறியாமல், “இதுல ஸ்பான்டெக்ஸ் பத்துக்கு மேல இருக்கும், மீதி பாலியெஸ்டர்” என்றேன். வழக்கமாக இப்படிப் பேசினால் எதிரே இருப்பவர் கண் எங்கோ போய்விடும். வாத்தியார், “எப்படீங்க சொல்றீங்க?” என்று கேட்டார். சொன்னேன். மாணவி போனில் தட்டினாள்: ‘சட்டை லேபிள் ஏன் குத்துது?’ பல லேபிள்கள் பாலியெஸ்டரில் நெய்து, சூடான கத்தியால் வெட்டப்படுகின்றன. வெட்டிய ஓரம் உருகி இறுகி ரம்பம்போல நிற்கும். அதை விளக்கினேன். அங்கிருந்த எல்லோருமே வாங்கின அன்றே லேபிளை வெட்டி எறிகிறவர்கள் என்று தெரிந்தது. மென்பொருள்காரர் அறையைச் சுற்றி நடந்துகொண்டே கேட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அன்று நேரம் முடிந்த பிறகும் மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எனக்குத் திங்கட்கிழமைக் களைப்பு வரவில்லை.

எங்களுக்குள் பேச்சு இப்படி எளிதாக ஓடுவது ஏன் என்பதற்கு டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் ஒரு விளக்கம் சொன்னார். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறரைப் புரிவதில்லை என்று மட்டும் சொல்வது பாதிக்கதை. மற்றவர்களுக்கும் எங்களைப் புரிவதில்லை, சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது அவர் வாதம். எடின்பரோவில் கேத்தரின் க்ராம்ப்டன் குழுவினர் 2020-ல் இதைச் சோதித்தார்கள். எட்டுப் பேர் வரிசையில் ஒருவர் தான் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையும், இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையும் கதையைச் சம அளவில் காப்பாற்றின. கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் சிந்தியது. 2025-ல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் கலப்பு வரிசையின் அந்தச் சறுக்கல் தென்படவில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் செய்தி சொல்வதில் மட்டம் என்ற முடிவு இரண்டிலும் வரவில்லை.

சிகிச்சைக்கான ஆதாரம் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு நேராகச் சொல்கிறேன்: இருக்கிறது, ஆனால் மெலிந்தது. ஜெர்மனியில் ஹைடல்பர்க்கில் சபீனா கோக் குழுவினர் ஆட்டிசம் உள்ள 31 இளைஞர்களை வைத்து, கண்ணாடி அசைவை மையமாகக் கொண்ட ஏழு வார நடன சிகிச்சையைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் மனநலமும் உடல் விழிப்பும் சமூகத் திறனும் கூடியதாகச் சொன்னார்கள். ஆனால் 2018-ல் அதே மரபில் வந்த, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில், பிறர் உணர்வை உணரும் திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் வரவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. நான் போனது என் பரிவை வளர்க்க அல்ல; அது எனக்கு எப்போதும் இருந்தது. ஓர் அறையில் மனிதர்களோடு வலியில்லாமல் இருக்கப் போனேன். அதை அளக்கும் ஆய்வுகள் இன்னும் நிறைய வர வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்குப் போவதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். அசைவு சிகிச்சையாளர் என்றால் எங்கே, எத்தனை காலம் பயின்றார் என்று கேளுங்கள், வார இறுதிப் பட்டறைச் சான்றிதழ் போதாது. கேட்காமல் தொடுகிறவர், கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துகிறவர் வேண்டாம். வலிப்பு இருந்தாலோ, மூட்டுகள் அளவுக்கு மீறி வளைந்து எளிதில் பிசகுமென்றாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் எங்களிடையே அதிகம். உடல் ரீதியான வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உடம்பைக் கவனிப்பதே பீதியைக் கிளப்பலாம், அவசரப்படுத்தாத ஆள் தேவை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதற்காக அதை நிறுத்தக் கூடாது. வேகஸ் நரம்பை முப்பது விநாடியில் சரிசெய்வதாக யூடியூபில் விற்கிறார்கள். அவர்கள் மேற்கோள் காட்டுகிற அந்த நரம்பைப் பற்றிய ஸ்டீபன் போர்ஜஸின் கோட்பாடே உடலியல் அறிஞர்களிடையே கடும் சர்ச்சையில் இருக்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. அம்மா இப்போது என்னை எழுப்ப வந்தால் கட்டில் சட்டத்தைத் தட்டிவிட்டு, “அம்மிணி, தொடட்டுமா?” என்கிறார். அண்ணன் மகனிடமும் அப்படியே. போன தை மாதம் நடந்த ஓர் உறவினர் கல்யாணத்தில் அண்ணி, மாப்பிள்ளை வீட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்கி, லைட்டை அணைத்து வைத்திருந்தார். நானும் அண்ணன் மகனும் அங்கே போய்வந்து கொண்டிருந்தோம். சாப்பாட்டுப் பந்தி வரை இருந்தேன். யாரும் மூஞ்சியைப் பற்றிப் பேசவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. சட்டத்தில் ஆட்டிசத்துக்கு வயது வரம்பு கிடையாது. நடைமுறையில் மாவட்டங்களில் இருக்கிற மையங்கள் பெரும்பாலும் குழந்தைகளுக்கானவை. ஊஞ்சலும் பாயும் பந்தும் உள்ள அந்த அறைகள் மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படுகின்றன. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இருபது வயதாகிறது, முப்பதாகிறது. என்னைப்போல் தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களும் இருக்கிறோம். மையம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவரை வைத்து அந்த அறையைப் பெரியவர்களுக்குத் திறந்துவையுங்கள். ட்யூப் லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள்.